பெரிய டயர் வேண்டுமா? கொஞ்சம் பொறுங்கள்!

ஜீப்புக்கு டயர் தேய்ந்துவிட்டது. புது டயர் வாங்க வேண்டும்.

"வாங்குவதுதான் வாங்குகிறோம். கொஞ்சம் பெரிதாக வாங்கினால் என்ன?" என்று மனம் கேட்கிறது.

பெரிய டயர் போட்டால் வண்டி உயரமாக நிற்கும். கல் ரோட்டிலும் காட்டுச் சேற்றிலும் கிடுகிடு என்று ஏறும். தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதோடு பெரிய அலாய் வீலும் மாட்டிவிட்டால்? கேட்கவே வேண்டாம்!

ஆசைப்படுவது தப்பு அல்ல. ஆனால், கையில் இருக்கும் பணம் அளவானது. அந்தப் பணத்துக்கு எதை வாங்குவது, எதை விடுவது? அதுதான் கேள்வி.

நாம் சொல்வது இதுதான்: ரப்பருக்குச் செலவு செய்யுங்கள். பளபளப்புக்குச் செலவு செய்யாதீர்கள். பெரிய டயர் கேட்டு வருகிற பலருக்கு வேண்டியது பெரிய டயர் அல்ல. நல்ல டயர்!

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

தேனி மாவட்டத்தில் இருந்து ஆணும் பெண்ணும் ஜீப்பில் ஏறி இடுக்கி மலைக்குப் போகிறார்கள். ஏலத் தோட்டத்தில் வேலை. விடியும் முன்னே சோற்றுத் தூக்கோடு புறப்படுகிறார்கள். போடிமெட்டு ரோட்டில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம். மழைக்காலத்தில் மூடுபனி வேறு.

அந்த ஜீப்புக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பது என்ன? நாலு டயர். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் ஒரு கை அகலம்தான். அந்த நாலு கை அகலத்தை நம்பித்தான் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சண்டை ஜீப்பின் டயர்

இரண்டாம் உலகப் போர் நடந்தது. அமெரிக்கப் பட்டாளத்துக்காக 1941-ல் ஒரு சின்ன வண்டி வந்தது. அதுதான் வில்லிஸ் ஜீப். வில்லிஸ் கம்பெனியும் போர்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆப்பிரிக்க மணலில் ஓடியது. பர்மாச் சேற்றில் ஓடியது. மலை ஏறியது. ஆற்றைத் தாண்டியது.

அதில் எவ்வளவு பெரிய டயர் இருந்தது தெரியுமா?

6.00-16. அதாவது, டயரின் அகலம் 6 அங்குலம். ரிம் 16 அங்குலம். அவ்வளவுதான்! இன்று சாதாரணக் குடும்பக் காரில்கூட அதைவிட அகலமான டயர் இருக்கிறது.

பிறகு எப்படி ஏறியது? வண்டி லேசானது. எடை சுமார் 1,100 கிலோ. நாலு சக்கரமும் இழுத்தன. மெதுவாகப் போக லோ கியர் இருந்தது. டயரின் பட்டன் ஆழமாக இருந்தது. இவ்வளவும் சேர்ந்து ஏற்றின.

நம் மலைகளில் ஓடும் பழைய ஜீப்புகள் பலவற்றில் இன்றும் இதே 6.00-16 அளவைப் பார்க்கலாம். டிரைவர்கள் அதை வைத்தே எஸ்டேட் ரோட்டில் ஏறி இறங்குகிறார்கள்.

எண் சொல்லும் கதை

டயரின் பக்கத்தில் எண்கள் இருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கடினம் இல்லை.

மாருதி ஜிம்னி என்ற ஜீப் இந்தியாவில் 2023-ல் விற்பனைக்கு வந்தது. அதன் டயரில் 195/80 ஆர் 15 என்று இருக்கும்.

195 என்பது டயரின் அகலம். மில்லி மீட்டர் கணக்கு. 80 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு. அதாவது 156 மில்லி மீட்டர். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் அளவு. அது அங்குலக் கணக்கு.

ரிம் 15 அங்குலம் என்றால் 381 மில்லி மீட்டர். மேலே ஒரு பக்கச் சுவர். கீழே ஒரு பக்கச் சுவர். 156-ம் 156-ம் 312. எல்லாம் கூட்டினால் 693. இதுதான் டயரின் மொத்த உயரம்.

இனி, பெரிய டயரைப் பார்ப்போம். 235/75 ஆர் 15 என்று ஒரு டயர். இதே கணக்குப் போட்டால் 733½ மில்லி மீட்டர் வரும். பழைய டயரைவிட 40 மில்லி மீட்டர் உயரம்.

"ஆகா! வண்டி 40 மில்லி மீட்டர் உயர்ந்துவிடும்!" என்று நினைக்கலாம். அதுதான் இல்லை. சக்கரத்தின் நடுவில் அல்லவா வண்டி உட்கார்ந்திருக்கிறது? அதனால் பாதிதான் கிடைக்கும். 20 மில்லி மீட்டர். ஒரு விரல் கனம்!

அந்த ஒரு விரல் சில இடங்களில் உதவும். மறுக்கவில்லை. அடியில் தொங்கும் ஆக்சில் உருண்டை பாறையில் இடிக்காமல் தப்பும். ஸ்பிரிங்கை உயர்த்தினாலும் இந்த உருண்டை உயராது. வண்டியின் உடம்புதான் உயரும். உருண்டையை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. பெரிய டயருக்கு உள்ள உண்மையான பெருமை இது.

ஆனால், அந்த ஒரு விரலுக்கு என்ன விலை கொடுக்கிறோம்? அதையும் பார்க்க வேண்டாமா?

மலை கேட்கும் விலை

சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். சின்னச் சக்கர சைக்கிளில் மேடு ஏறுவது சுலபம். அதே மிதிக்குப் பெரிய சக்கரம் போட்டால் கால் வலிக்கும்.

ஜீப்பிலும் அப்படித்தான். டயர் பெரிதானால், என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி அதிக தூரம் போக வேண்டும். இழுக்கும் பலம் குறையும். மேலே சொன்ன 235 டயரில் நூற்றுக்கு 5½ பங்கு இழுவை போய்விடும். இன்னும் பெரிய, 30 அங்குல உயர டயர் மாட்டினால் 9 பங்கு போய்விடும்.

சம ரோட்டில் இது தெரியாது. ஆட்களும் மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் ஏறும்போது தெரியும். வளைவில் நின்று மறுபடி எடுக்கும்போது தெரியும். கிளட்ச் கருகும் வாசனை மூக்குக்கு வரும்.

ஏறுவதாவது போகட்டும். இறங்கும்போது என்ன ஆகும்?

மலை இறங்குகிற டிரைவர் பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார். கியரைக் குறைத்து வைப்பார். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டயர் பெரிதானால் அந்தப் பிடியும் அதே அளவு தளரும். தளர்ந்ததை யார் ஈடு செய்வது? பிரேக்தான்! பெரிய டயருக்கு எடையும் அதிகம். சுற்றுகிற எடையை நிறுத்துவதும் அதே பிரேக்தான். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடாகும். சூடானால் பிடிக்காது.

"லோ கியர் போட்டால் போயிற்று!" என்று சிலர் சொல்வார்கள். ஜிம்னி போன்ற வண்டிகளில் லோ கியர் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்துதான் இழுக்கும். காய்ந்த தார் ரோட்டில், வளைவில், அப்படி ஓட்டக் கூடாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றை ஒன்று முறுக்கும். சேற்றிலும் கல்லிலும்தான் அது சரி. கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதோ தார் ரோட்டில்!

இன்னொன்று. ஸ்பீடோ மீட்டர் பொய் சொல்லும். முள் 60-ல் நிற்கும். வண்டி 63-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அதிக தூரம் ஓடினாலும் மீட்டரில் குறைவாகக் காட்டும். ஆயில் மாற்றும் கணக்கும் தவறும்.

ஆகவே, அளவைக் கூட்டுவது என்றால் கம்பெனி உங்கள் மாடலுக்கு என்ன அளவுகளைச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். அதற்குள் பெரியது இருந்தால் தாராளமாக எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய சீட்டிலும் இருக்கும்.

ரிம் ஆசை

பணம் அதிகமாகக் கரைவது இங்கேதான்.

பெரிய ரிம் போட்டால் பெரிய டயர் என்று நினைக்கிறார்கள். அது தவறு. மஹிந்திரா கம்பெனி 2020-ல் புதிய தார் ஜீப்பைக் கொண்டுவந்தது. அதில் ஒரு ரகத்துக்கு 245/75 ஆர் 16 டயர். இன்னொரு ரகத்துக்கு 255/65 ஆர் 18 டயர். ரிம்மில் 2 அங்குலம் வித்தியாசம். டயரின் மொத்த உயரத்தில்? முதல் டயர் 774 மில்லி மீட்டர். இரண்டாவது 789. அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் வித்தியாசம்!

பின்னே அந்த 2 அங்குலம் எங்கே போயிற்று? ரப்பரில் இருந்து எடுத்து உலோகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 16 அங்குல ரிம்மில் பக்கச் சுவர் 184 மில்லி மீட்டர் உயரம். 18 அங்குல ரிம்மில் 166 தான்.

தார் ரோட்டில் வேகமாகப் போகிறவருக்குக் குட்டையான பக்கச் சுவர் நல்லது. வளைவில் வண்டி ஆடாது. ஆனால், கல் ரோட்டில் போகிறவருக்கு உயரமான பக்கச் சுவர்தான் வேண்டும். கல்லில் ஏறும்போது ரப்பர் வளைந்து கொடுக்கும். ரிம் அடிபடாது. உட்கார்ந்திருப்பவரின் முதுகும் தப்பும்.

ஆக, காட்டு வழிக்குச் சின்ன ரிம் நல்லது. விலையும் குறைவு. பெரும்பாலும் 15, 16 அங்குல டயர்கள் 18 அங்குல டயர்களைவிட மலிவு. நல்லதும் மலிவும் ஒரே பக்கம் இருப்பது உலகத்தில் அபூர்வம். இங்கே இருக்கிறது!

இரும்பு ரிம்மா, அலாயா?

மலையில் ஓடுபவருக்கு இரும்பே போதும். பாறையில் மோதினால் இரும்பு வளையும். பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். அலாய் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். வெல்டிங் வைத்த அலாய் வீலை நம்பி மலை இறங்கக் கூடாது. அலாய் அழகு. அதை நாம் மறுக்கவில்லை. பணம் மிச்சம் இருந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக, டயர் ஒன்று 8 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அலாய் வீல் ஒன்று 9 ஆயிரம் ரூபாய். 5 அலாய் வீலுக்கு 45 ஆயிரம். அதை வாங்காமல் விட்டால், அந்தப் பணத்திலேயே 5 டயரும் வந்துவிடும். மீதி 5 ஆயிரமும் இருக்கும்.

வேறு ரிம் வாங்கியே தீர வேண்டும் என்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். போல்ட் ஓட்டை எத்தனை? எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கிறது? நடுத் துளை பொருந்துகிறதா? வில்லிஸ் ஜீப்புக்கும் ஜிம்னிக்கும் 5 போல்ட். வட்டமும் ஒன்றே. 139.7 மில்லி மீட்டர். அதனால் இதன் ரிம்மை அதில் மாட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. நடுத் துளையும் ரிம்மின் உள்வாங்கலும் வேறு வேறு.

சக்கரத்தை வெளியே தள்ளிக் காட்டுவதற்காகச் சிலர் நடுவில் ஸ்பேசர் என்ற கட்டையை வைக்கிறார்கள். மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டு நிற்கும். வீரமாகத் தெரியும். பேரிங்குக்குத்தான் கேடு. ஸ்டியரிங்கும் இழுக்கும். சேறு கண்ணாடி வரை தெறிக்கும். இதற்குக் காசு வேறு கொடுக்க வேண்டுமா?

எந்தப் பட்டன்?

டயரில் மூன்று ரகம் உண்டு.

எச்.டி. என்பது தார் ரோட்டு டயர். சத்தம் இல்லை. சேற்றில் வழுக்கும்.

எம்.டி. என்பது சேற்று டயர். பட்டன் பெரிது பெரிதாக இருக்கும். இடைவெளியும் பெரிது. சேற்றை வாரி வெளியே எறிந்துவிடும். ஆனால், தார் ரோட்டில் "ஙொய்" என்று சத்தம் போடும். சீக்கிரம் தேயும். டீசலையும் பெட்ரோலையும் குடிக்கும். மழையில் நனைந்த தார் ரோட்டில் பிடிப்பும் குறைவு. பட்டன் பெரிதாக இருந்தால் எங்கும் பிடிக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நடுவில் இருப்பது ஏ.டி. எல்லா ரோட்டுக்கும் ஏற்ற டயர்.

உங்கள் வண்டி எங்கே ஓடுகிறது? ஒரு வாரத்தை எண்ணிப் பாருங்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். கேட்கவே பயமாக இருக்கிறது. ஆனால், அது தார் ரோடு! அதற்குச் சேற்று டயர் எதற்கு? சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாதை வேறு மாதிரி. அது ஜீப் மட்டுமே போகிற கல் பாதை. அங்கேயும் தினம் ஏறி இறங்குபவருக்கு வேண்டியது பலமான பக்கச் சுவர் உள்ள டயர். தொடை அளவு சேற்றில் மரம் இழுப்பவருக்குத்தான் எம்.டி.

மற்ற எல்லோருக்கும் ஏ.டி. போதும். இதில் நமக்குச் சந்தேகமே இல்லை. பழைய அளவிலேயே ஒரு நல்ல ஏ.டி. டயர் மாட்டிப் பாருங்கள். "பெரிய டயர் போட்டது போலவே ஏறுகிறதே!" என்பீர்கள்.

நாலு அல்ல, ஐந்து!

டயர்க் கடையில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது:

"அண்ணே, இப்ப ரெண்டு பெரிய டயர் போடுங்க. அடுத்த மாசம் ரெண்டு போட்டுக்கலாம்."

"எங்க தம்பி போடுறது?"

"பின்னாடிதான். அதுதானே இழுக்குது!"

சாதாரண வண்டியில் இது வெறும் அவலட்சணம். நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் இது ஆபத்து. பின் டயர் பெரிது, முன் டயர் சின்னது என்றால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாது. நாலு சக்கர லீவரைப் போட்டவுடன் நடுவில் உள்ள கியர்ப் பெட்டி முறுக்கிக்கொள்ளும். பெட்டி உடைந்தால் செலவு என்ன ஆகும்? டயரில் மிச்சம் பிடித்த பணத்தைப் போல் பல மடங்கு ஆகும்.

நாலும் ஒரே அளவு. ஒரே ரகம். ரேடியல் என்றால் நாலும் ரேடியல். நைலான் என்றால் நாலும் நைலான். கலக்கக் கூடாது.

ஐந்தாவது எது? ஸ்டெப்னி! அளவை மாற்றினால் அதையும் மாற்றத்தான் வேண்டும். காட்டில் டயர் கிழிந்து, சின்ன ஸ்டெப்னியை மாட்டினால் மேலே சொன்ன அதே கோளாறு வரும். பெரிய டயர் ஸ்டெப்னி இடத்தில் உட்காருமா என்றும் பாருங்கள். பின் கதவில் தொங்குகிற ஸ்டெப்னி என்றால் கதவுக் கீல் அந்த எடையைத் தாங்க வேண்டும்.

ஆகவே, 5 டயருக்குப் பணம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இல்லை என்றால் அளவை மாற்ற வேண்டாம். பழைய அளவிலேயே வாங்குங்கள். அப்போது இருக்கிற ஸ்டெப்னி உதவும்.

கூலிக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரருக்கு 5 டயர் வாங்குவது பெரிய பாரம். அது நமக்குத் தெரியாதது அல்ல. அந்த ஜீப்பில் போகிறவர்கள் யாருடைய தோட்டத்தில் வேலை செய்கிறார்கள்? தோட்டக்காரரும் டயர்ச் செலவில் ஒரு பங்கு கொடுத்தால் என்ன? வாடகை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசலாம். ஏலக்காய் விலை ஏறும் ஆண்டிலாவது பேசலாம்!

பழைய டயர்

பணம் இல்லாதவர் பழைய டயர் பக்கம் பார்ப்பார். இங்கே கண்ணை அகல விரியுங்கள்.

டயருக்குப் பிறந்த தேதி உண்டு. பக்கத்தில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2324 என்றால், 2024-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருக்கலாம். ஆனால், வயதான ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். பக்கச் சுவரைக் கையால் வளைத்துப் பாருங்கள். நூல் நூலாக வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். உள்ளே ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவுங்கள்.

பட்டன் எவ்வளவு இருக்க வேண்டும்? கார், ஜீப்புக்கு 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. இது சட்டம். அளவுகோல் வேண்டாம். பட்டன் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மலையில் ஓடுபவர் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

சிலர் மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் கோடு கிழித்து விற்கிறார்கள். பார்த்தால் புதுப் பட்டன் போலத் தெரியும். உள்ளே நூல் தெரிய இன்னும் ஒரு காகிதக் கனம்தான் இருக்கும். இதைச் செய்கிறவர்களைப் போலீஸ் பிடித்தால் நாம் வருத்தப்பட மாட்டோம்!

ரீட்ரேடு டயர் வேறு. நல்ல பட்டறையில் செய்த ரீட்ரேடு டயரைப் பஸ்ஸிலும் லாரியிலும் பின் சக்கரத்தில் போடுகிறார்கள். அங்கே ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம். ஒன்று போனால் ஒன்று தாங்கும். ஜீப்பில் அந்த வசதி இல்லை. முன் சக்கரத்தில் போடவே வேண்டாம்.

புது டயர் விலையில் ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்தில் இருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. பில்லைப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் டயர் உழைக்கும் என்ற நினைப்பும் வேண்டாம். சென்னை திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப். கம்பெனி 1961-ல் டயர் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் அப்பல்லோ டயர் ஆலை இருக்கிறது. நம் ரோட்டில் ஓடும் டயர் நம் பக்கத்திலேயே தயாராகிறது.

காசில்லாத மருந்து

டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினால் அது மண்ணில் நீளமாகப் படியும். மணலிலும் மிருதுவான சேற்றிலும் வண்டி புதையாது. 30-ல் இருக்கும் காற்றை 20-க்கு இறக்கிப் பாருங்கள். பெரிய டயர் செய்யும் வேலையைப் பழைய டயரே செய்யும். காசு இல்லை!

ஆனால், மெதுவாகத்தான் போக வேண்டும். ஆள் நிறைய ஏறியிருந்தால் இறக்கக் கூடாது. கூரான கல் உள்ள இடத்திலும் கூடாது. பக்கச் சுவர் பிதுங்கிக் கிழிந்துவிடும். 15-க்குக் கீழே இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார் ரோட்டுக்கு வந்தவுடன் மறுபடி நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றும், காற்று அளக்கும் மீட்டர் ஒன்றும் வாங்கி வண்டியில் போடுங்கள். ஒரு அலாய் வீலின் விலைகூட ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அபராதம் போனால் போகட்டும் என்பவர்கள் இன்சூரன்சை நினைக்க வேண்டும். விபத்து நடந்தால், மாற்றிய சக்கரத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்க வழி உண்டாகும். சந்தேகம் இருந்தால் டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய் வார்த்தை போதாது.

கடைக்குப் போகும்போது

பழைய டயரில் உள்ள எல்லா எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அளவுக்குப் பிறகு ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 96 எஸ் என்பது போல. 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். எஸ் என்றால் 180 கிலோ மீட்டர் வேகம் வரை தாங்கும். புது டயரில் இந்த எண் குறைந்திருந்தால் வாங்காதீர்கள். அளவு சரியாக இருந்தாலும் வேண்டாம்.

டயர் மாட்டியதும் ஸ்டியரிங்கை இடது கோடி வரை திருப்புங்கள். வலது கோடி வரை திருப்புங்கள். எங்காவது உரசுகிறதா? பிறகு ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, அதே போல் திருப்பிப் பாருங்கள். கடை வாசலில் உரசாத டயர் குழியில் உரசும். கடையை விட்டுப் புறப்படும் முன்பே இதைச் செய்துவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

அலைன்மென்ட் பாருங்கள். 100 கிலோ மீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒரு முறை முடுக்குங்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தில் நட்டு கொஞ்சம் தளர்வது உண்டு.

காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். நாலு டயரிலும் அளந்து முடித்த பிறகு பின்னால் போய் ஸ்டெப்னியிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் அதில்தான் காற்றே இருப்பதில்லை.